கூமுட்டைக்குக் கோழி காரணமில்லை

பதிமூன்று முட்டை வைத்து நாலு குஞ்சு வந்தால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது கோழிதான். ‘ராசியில்லாத கோழி’ என்று பேர் வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குழம்புக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. பொரிக்காமல் கிடந்த அந்த ஒன்பது முட்டையையும் கொல்லையில் உடைத்துப் பார்த்திருந்தால் கோழி தப்பித்திருக்கும். கெட்டுப்போன முட்டையில் பெரும்பாலானவை, கோழி அதன்மேல் உட்காருவதற்கு முன்பே கெட்டவை. எவ்வளவு சூடு, எப்போது புரட்டுவது, எப்போது எழுவது என்பதெல்லாம் நாட்டுக்கோழிக்குத் தெரியும். முட்டையைச் சேர்த்து வைப்பதும், இடம் பார்ப்பதும், ரத்தம் குடிக்கும் செள் என்ற சின்னப் பூச்சி அண்டாமல் காப்பதும் நம் பொறுப்பு. தப்பு நடப்பது அங்கேதான்.

கொல்லையில் அஞ்சு முதல் இருபது கோழி வரை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. சிறுவிடை, பெருவிடை, கழுத்தறுப்பான் போன்ற நாட்டு ரகங்கள் அடைக்கு உட்காரும். அதிலும் சிறுவிடைதான் நல்ல தாய். எடை குறைவு, முட்டையை நசுக்காது, குஞ்சைக் காக்கப் பருந்தையும் எதிர்த்துப் பறக்கும். முட்டைக்கென்று வளர்க்கும் வெள்ளை லெகார்ன் போன்ற ரகங்களில் அடைக்கு உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டிவிட்டார்கள். வனராஜா, கிராமப்பிரியா மாதிரியான கலப்பினங்களையும் இதற்கு நம்ப முடியாது.

கோழி அவயத்துக்கு, அதாவது அடைகாக்கும் நிலைக்கு, வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? முட்டை இட்ட கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடும். அவயத்துக்கு வந்தது ஓடாது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உடம்பை இரண்டு மடங்காக்கிக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து கர்ர் என்று ஒரு சத்தம் கொடுக்கும், கொத்தவும் செய்யும். தூக்கிக் கீழே விட்டால் ‘கொக் கொக்’ என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே சுற்றிவிட்டு, அஞ்சு நிமிடத்தில் திரும்பப் போய் உட்காரும். வயிற்றடியைத் தடவிப் பாருங்கள். இறகு உதிர்ந்து வெறும் தோல் அனலாகச் சுடும். அந்தத் தோல்தான் முட்டையைத் தொட்டுச் சூடு கொடுப்பது. இதெல்லாம் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் வேலை. அது ஏறியதும் முட்டை இடுவது நின்றுவிடும்.

ஒரு நாள் உட்கார்ந்ததை நம்பி முட்டையை வைத்துவிட வேண்டாம். இளம் கோழிகள் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் மற்ற கோழிகளோடு பரணில் ஏறிவிடும். தொடர்ந்து இரண்டு ராத்திரி கூட்டிலேயே தங்கினால்தான் உறுதி. அதுவரை அடியில் ஒன்றிரண்டு பழைய முட்டை போதும்.

இதற்கிடையில் நல்ல முட்டை சேர்ப்பது தனி வேலை. முக்கால்வாசி வெற்றி தோல்வி இங்கேயே முடிந்துவிடுகிறது.

எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். சேவல் புதிதாக வந்திருந்தால் முதல் நாலைந்து நாள் முட்டையை நம்ப வேண்டாம். சேவலை விற்றுவிட்டால் அதற்குப் பிறகும் பத்து நாள் போல முட்டையில் கரு இருக்கும். விடைக்கோழி முதன்முதலாக இடும் சின்ன முட்டையைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பெரியது, கோணலானது, ஓடு சொரசொரப்பானது, மெல்லிசானது எல்லாம் கழிவு. இரண்டு முட்டையை ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் ‘டிங்’ என்று கல்போல ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்று மழுங்கிக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பொறுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது.

முட்டையின் வயது ஏழு நாளுக்குள் இருந்தால் நல்லது. பத்து நாள் வரை பார்க்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு இறங்கும். ஆனால் ஏழு நாள் கணக்கு குளிர்ச்சியான இடத்தில் வைத்த முட்டைக்குத்தான். சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டு அலமாரியில், 35 டிகிரியில் கிடக்கும் முட்டைக்கு அது பொருந்தாது. கருவுக்கு 20 டிகிரிக்குக் கீழேதான் முழுத் தூக்கம். அதற்கு மேலே போகப் போக அது அரைகுறையாக விழித்து வளரப் பார்க்கும். 37, 38 டிகிரி முறையாகக் கிடைத்தால் வளரும், கிடைக்காமல் பாதியில் தொங்கினால் செத்துப்போகும். கோடையில் பொரிப்பு குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பழியை இடியும் கண்ணேறும் வாங்கிக்கொள்கின்றன.

இதற்கு ஒரு பானை போதும். அகலமான மண்பானையில் பாதிக்கு ஆற்றுமணல் போட்டு, காலையும் மாலையும் ஓரமாகத் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் கசிய வேண்டும், தேங்கக் கூடாது. மணல்மேல் ஒரு காய்ந்த துணி அல்லது தட்டு, அதற்குமேல் முட்டை, கூர்முனை கீழே. பானை வாயை மெல்லிய பருத்தித் துணியால் கட்டி, காற்று போகும் நிழலில் வைத்தால் உள்ளே வெளியைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். மார்க்கர் வேண்டாம், மை ஓட்டுக்குள் இறங்கும். குளிர்ப்பெட்டியில் வைத்த முட்டை பொரிக்கவே பொரிக்காது என்பதும் சரியில்லை. நாலைந்து நாள் கதவுத் தட்டில் இருந்தது பொரிக்கும். ஆனால் நேரே எடுத்துக் கோழியின் கீழே வைத்தால் வியர்த்து, அந்த ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். காலையில் எடுத்து வெளியே வைத்துவிட்டு ராத்திரி அடை வையுங்கள்.

முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு, தண்ணீர் பட்டால் அது போய்விடும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்ப்பதும் சாப்பாட்டு முட்டைக்குச் சரி, அடை முட்டைக்கு வேண்டாம். டார்ச் அடித்தால் அகன்ற முனையில் காற்றறை தெரியும். அது ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக இருந்தால் பழைய முட்டை. எச்சம் பட்டது என்றால் காய்ந்த துணியால் துடையுங்கள், போகவில்லையா, அதை விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது ஐதீகம். ஒற்றைப்படையில் வைத்தால் ஒன்று நடுவில், மற்றவை சுற்றிலும் என்று அழகாக அமையும், அவ்வளவுதான். சிறுவிடைக்கு ஒன்பது, பெருவிடைக்கு பதினொன்று அல்லது பதிமூன்று. மழைக்காலத்தில் இரண்டைக் குறையுங்கள். கோழி உட்கார்ந்த பிறகு பக்கவாட்டில் முட்டை எதுவும் வெளியே தெரியக் கூடாது. ஓரத்தில் தெரியும் முட்டை இன்றைக்குக் குளிரும், கோழி புரட்டும்போது நாளைக்கு உள்ளே போய் வேறொன்று ஓரத்துக்கு வரும். ஆசைப்பட்டு இரண்டு கூட வைத்தால் அந்த இரண்டோடு நிற்காமல் நாலைந்து போய்விடுவது இப்படித்தான்.

கூட்டுக்கு மூங்கில் கூடையும் ஆகும், மண்சட்டியும் ஆகும். விட்டம் ஒன்றேகால் அடி, ஆழம் அரை அடி. அதைவிட ஆழமாக இருந்தால் கோழி மேலிருந்து குதித்து முட்டையை உடைக்கும், குஞ்சும் ஏறி வர முடியாது. நம் வாக்கு மண்சட்டிக்குத்தான். வேலை முடிந்ததும் உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, சட்டியை அடுப்பில் கவிழ்த்து ஒரு சூடு காட்டினால் செள் முட்டை எல்லாம் போகும். கூடையில் பின்னல் இடுக்குக்குள் அது வருஷக்கணக்கில் குடியிருக்கும்.

சட்டியில் இரண்டு, மூன்று அங்குலத்துக்குச் சலித்த மணல். அதன்மேல் காய்ந்த வைக்கோல், கையால் கசக்கி மெத்தையாக்கியது. நடுவில் லேசான குழி போதும். குழி ஆழமானால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், தட்டையாக இருந்தால் உருண்டு ஓரம் போகும். பூஞ்சை வாடை அடிக்கும் வைக்கோலை மாட்டுக்கே போடக் கூடாது, கோழிக்கு எப்படிப் போடுவது? அந்தப் பூஞ்சை குஞ்சின் நுரையீரலுக்குப் போகும். பழைய துணி, சாக்கு, பஞ்சு எதுவும் வேண்டாம். கோழியின் நகம் சிக்கும், பொரித்த குஞ்சின் காலில் நூல் சுற்றி இறுக்கும். அடியில் ஒரு கை நொச்சி இலையோ வேப்பிலையோ நிழலில் காய வைத்துப் போடலாம், செள்ளைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். அந்துருண்டை போடுவது பெரிய தப்பு. கோழி 21 நாளும் அந்த வாடையைத்தான் மூச்சிழுக்க வேண்டும், முட்டை ஓடும் மூச்சு விடுகிற பொருள்தான்.

காய்ந்த மிளகாய், கரித்துண்டு, இரும்பு ஆணி மூன்றையும் கூட்டில் போட்டால் இடி தாக்காது என்று இன்னும் போடுகிறார்கள். போடுங்கள், ஒன்றும் கெடாது. ஆனால் இடியால் முட்டை கெடுவதில்லை. இடி இடிக்கிற நாளில் கூரை ஒழுகிக் கூடு நனைந்ததா, பயந்த கோழி எழுந்து இருட்டில் எங்கேயாவது ஒடுங்கிவிட்டதா என்று பார்த்தால் உண்மைக் காரணம் அகப்படும்.

இடம் அரையிருட்டாக, மற்ற கோழி வராததாக, தரையோடு இருக்கட்டும். மாட்டுக்கொட்டகை மூலை, விறகுக் கொட்டகை, பயன்படாத குளியலறை எதுவானாலும் சரி. தகரக் கூரைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். மேலே கம்பி வலைக் கூடையோ பஞ்சாரமோ போட்டு மூடி, அதன்மேல் கல் வையுங்கள். சாரைப்பாம்பு முட்டைக்கு வரும், கீரியும் மரநாயும் கோழிக்கே வரும், எலி பொரிக்கிற அன்றைக்குக் குஞ்சுக்கு வரும். பாம்புக்கு அரை அங்குலக் கண் வலைதான் தடை. எறும்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஓடு உடையும் ஈரவாடைக்குச் செவ்வெறும்பு சாரை சாரையாக வந்து, பாதி வெளியே வந்த குஞ்சையே தின்றுவிடும். சட்டியை மூன்று செங்கல்மேல் ஏற்றி, சுற்றிலும் சாம்பலோ மஞ்சள்தூளோ கோடாகப் போடுங்கள், மூன்று நாளைக்கு ஒருதரம் புதுப்பியுங்கள். மண்ணெண்ணெய் தெளிக்க வேண்டாம், வாடை முட்டைக்குள் போகும்.

இனி செள். அடைக்கோழி எழாமல் உட்கார்ந்திருப்பதால் செள்ளுக்கு 21 நாள் விருந்து. ராத்திரி ரத்தம் குடித்துவிட்டுப் பகலில் இடுக்கில் ஒளியும் சிவப்புச் செள் அதிகமானால் கொண்டை வெளுத்து, கோழி பாதியில் கூட்டை விட்டு ஓடிவிடும், சில சமயம் முட்டைமேலேயே செத்துக் கிடக்கும். ‘பதினஞ்சு நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோச்சு’ என்றால் முதலில் கூட்டின் ஓரத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புத் தீற்றல் வந்தால் அதுதான். அடை வைப்பதற்கு முந்தின நாளே கோழியைப் பிடித்து, இறக்கையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பார்த்து, சலித்த விறகுச் சாம்பலை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். கூடு வைக்கும் மூலையின் சுவர் விரிசலில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். முட்டைமேல் உட்கார்ந்த பிறகு பூச்சிமருந்து அடிப்பது கடைசி வழி. அதையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

அடை வைப்பது ராத்திரியில். எட்டு மணிக்கு மேல், வெளிச்சம் இல்லாமல், புதிய சட்டியில் எல்லா முட்டையையும் அடுக்கிவிட்டு, கோழியைப் பின்பக்கமிருந்து இரண்டு கையாலும் அள்ளி மெதுவாக இறக்குங்கள். பகலில் இடம் மாற்றினால் பழைய மூலைக்கே ஓடும். விடியும்போது புது இடத்தில் பழகியிருக்கும். எல்லா முட்டையும் ஒரே ராத்திரியில் வைக்க வேண்டும். தினமும் ஒன்று சேர்த்தால் முதல் குஞ்சு வந்ததும் கோழி எழுந்துவிடும், மீதி எல்லாம் பாதிக் கருவோடு போகும். வேறு கோழி வந்து இடையில் இட்டுவிட்டுப் போனால் பென்சில் குறி இல்லாததை வைத்துக் கண்டுபிடித்து எடுத்துவிடலாம்.

இரண்டு கோழி அவயத்தில் இருந்தால் ஒரே ராத்திரியில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். இதன் லாபம் ஏழாம் நாள் தெரியும்.

உட்கார்ந்த கோழிக்கு முழுத் தானியம் கொடுங்கள். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் கலந்து நாளைக்கு 80 முதல் 100 கிராம். அது முழுவதும் தின்னாது, எடையும் குறையும், பயப்பட வேண்டாம். சமைத்த சோறும் ஈரத் தவிடும் கொடுத்தால் எச்சம் இளகிக் கூட்டிலேயே போய்விடும். தீனியையும் தண்ணீரையும் கூட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். வாய்க்கு எட்டும்படி வைத்தால் எழாது, எழாவிட்டால் கழிக்காது.

நல்ல கோழி நாளுக்கு ஒருதரம், பதினஞ்சு இருபது நிமிடம் எழும். இளம் கோழி சில சமயம் இரண்டு நாளாக எழாமல் கிடக்கும். அப்போது நாம் எழுப்ப வேண்டும். நேரே தூக்கிவிடக் கூடாது. இறக்கை இடுக்கில் முட்டையை அணைத்து வைத்திருக்கும், தூக்கினதும் விழுந்து உடையும். முதலில் இறக்கையை லேசாக உயர்த்தி அடியில் விரல் விட்டுப் பாருங்கள். தரையில் விட்டதும் ஒரு நிமிடம் பிரமை பிடித்ததுபோல அப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு திடீரென்று எழுந்து, எலுமிச்சம்பழ அளவில் நாற்றமெடுத்த ஒரு எச்சம் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, தானியம் பொறுக்கி, மண்ணில் புரண்டு, அவசர அவசரமாகத் திரும்பும். பக்கத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி வைத்தால் செள்ளுக்கும் அதுவே மருந்து. அரை மணி நேரமானாலும் முட்டை தாங்கும். கோடையில் ஒரு மணி நேரம்கூடப் பெரிய நஷ்டமில்லை. நாம் முட்டையைப் புரட்டவே வேண்டாம்.

முட்டை ஒன்று உடைந்து மற்றதில் ஒட்டினால் அன்றைக்கே வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைத்து, வைக்கோலை மாற்றுங்கள். காய்ந்த மஞ்சள் ஓட்டின் துளையை அடைத்துவிடும்.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச். அட்டையில் இரண்டு ரூபாய்க் காசு அளவு ஓட்டை போட்டு, எல்இடி டார்ச்சின் முகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையின் அகன்ற முனையை ஓட்டைமேல் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். நாட்டுக்கோழி ஓடு வெளிர்நிறம், நன்றாகவே தெரியும். நல்ல முட்டையில் மேலே காற்றறை, அதன்கீழ் சிலந்தி கால் விரித்ததுபோல ரத்தக் குழாய்கள், நடுவில் ஒரு கரும்புள்ளி. ஒரு நிமிடம் அசையாமல் பார்த்தால் அந்தப் புள்ளி துள்ளும். முழுக்க மஞ்சளாக, மஞ்சள்கரு நிழல் மட்டும் ஆடினால் கரு இல்லாதது. ஓட்டின் உள்பக்கம் வளையல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தால், வளரத் தொடங்கி மூன்று நாலு நாளில் செத்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் அழுகி வெடித்து மற்றதைக் கெடுக்கும். இரண்டு கோழி வைத்தவர்கள் நல்லதை எல்லாம் ஒன்றின்கீழ் சேர்த்துவிட்டு, இன்னொன்றுக்குப் புது முட்டை கொடுத்துப் புதிதாகக் கணக்கைத் தொடங்கலாம்.

பதினாலாம் நாள் இன்னொருதரம் பார்க்கலாம். காற்றறை தவிர மீதி இருட்டாக இருக்கும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையில் கை வைக்கவே கூடாது. வறண்ட வெயில் காலமானால் சட்டியின் ஓரத்து மணலில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள்.

இருபதாம் நாள் காதை வைத்தால் முட்டைக்குள் கீச்சென்று கேட்கும், கோழியும் வேறு குரலில் பதில் சொல்லும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் கூட ஓய்வெடுக்கும். இங்கேதான் நல்லது செய்கிறேன் என்று உரிக்கத் தோன்றும். அந்த நேரத்தில் ரத்தம் இன்னும் சவ்விலிருந்து உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது, மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. உரித்தால் ரத்தம் வரும், குஞ்சு போகும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலையில் ஒருதரம் வெறும் ஓடுகளை எடுத்துவிடுங்கள். பாதி ஓடு, பொரிக்கப்போகும் முட்டைமேல் தொப்பிபோலக் கவிழ்ந்துகொண்டால் உள்ளே இருப்பது வெளியே வர முடியாது.

முதல் குஞ்சு வந்து 24, 36 மணி நேரம் வரை கோழி பொறுக்கும். உள்ளே மஞ்சள்கரு இருப்பதால் குஞ்சுக்கும் இரண்டு நாள் தீனி இல்லாமல் ஓடும். அதற்கு மேல் மீதி முட்டைக்காகக் கோழியை அடைத்து வைக்காதீர்கள்.

மீதி முட்டைகளைக் கொல்லைக்குக் கொண்டுபோய், மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். அடுத்த முறைக்கான பாடம் இதற்குள்தான் இருக்கிறது. தெளிந்த மஞ்சளாக இருந்தால் சேவல் போதவில்லை, அல்லது முட்டை மிகப் பழையது. ரத்த வளையமோ சின்னக் கருவோ இருந்தால் சேமித்த இடம் சூடு. இறகு முளைத்து முழுதாக உருவான குஞ்சு ஓட்டைக் கொத்தாமலே செத்திருந்தால், கடைசி வாரத்தில் கோழி ரொம்ப நேரம் எழுந்து போயிருக்கிறது, செள்ளையும் பாருங்கள். கொத்திவிட்டு, சவ்வு காகிதம்போலக் காய்ந்து ஒட்டிச் செத்திருந்தால் ஈரம் போதவில்லை. உடம்பு வீங்கி நீர் கோத்திருந்தால் ஈரம் அதிகம், மணலில் தண்ணீர் தேங்கியிருக்கும். கறுத்து நாறினால் கழுவிய முட்டை, அழுக்கு முட்டை, கீறல் முட்டை. இந்தக் கணக்கை மூன்று அடைக்கு ஒரு நோட்டில் எழுதினால் உங்கள் வீட்டுக் குறை எதுவென்று பிடிபட்டுவிடும்.

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா’ என்கிறது பழமொழி. குறுகலான கூட்டில் சாகும். பொரித்த அன்றே தாயையும் குஞ்சையும் ஆழமான சட்டியிலிருந்து எடுத்து, இரண்டங்குலம் உமி பரப்பிய தரையில், நாலடி அகலமுள்ள பஞ்சாரத்துக்குள் விடுங்கள். முதல் பத்து நாள் அதற்குள்ளேயே. காகமும் பூனையும் குஞ்சைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். தண்ணீர்த் தட்டு அரை அங்குல ஆழம், அதிலும் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனைந்து விறைக்கும். வெறும் நொய்யரிசி வயிற்றை நிரப்பும், இறகை வளர்க்காது. மூன்று, நாலு வாரத்துக்குக் குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனம் கொடுத்து, கூடவே கம்பும் கேழ்வரகும் போடுங்கள். தாய் அதையே தின்றாலும் பரவாயில்லை, அது இப்போது முட்டை இடுவதில்லை. முட்டைக்கோழித் தீவனம் மட்டும் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கரையான் கிடைத்தால் தங்கம். பழைய பானையில் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துக் கொட்டினால் தாய் தரையைக் கொத்திக் கொத்திக் குஞ்சைக் கூப்பிடுவதைப் பார்க்க வேண்டும். அளவாகப் போடுங்கள், தொண்டைப்பை புடைக்கத் தின்றுவிடும்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட் நோய்க்குக் கண்ணில் ஒரு சொட்டு, லசோட்டா அல்லது எஃப்1 தடுப்பு மருந்து. ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்காவது மருந்து இருக்கும், கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனவே தெருவில் நாலு வீட்டுக் குஞ்சையும் ஒரே நாளில் சேர்த்துப் போடுவதே புத்திசாலித்தனம். ஐஸ் இல்லாமல் சட்டைப் பையில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர். நாலாவது வாரம் திரும்ப ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவசமாகப் போடும், அதை விட்டுவிட வேண்டாம். புரட்டாசிக்குப் பிறகு பொரிப்பவர்கள் அம்மைத் தடுப்பூசியையும் கேட்டுப் போடுங்கள். அது கொசு பரப்பும் நோய். மழைக்காலக் குஞ்சின் கண்ணிலும் அலகோரத்திலும் கொப்புளம் கிளம்பி, பார்வை மூடி, தீனி எடுக்க முடியாமல் சாகும். தை, மாசியில் பொரிக்கும்படி வைத்தால் பாதி வேலை மிச்சம்.

எல்லா அவயத்துக்கும் முட்டை வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு சுற்று முட்டை இட 15, 18 நாள், அடைக்கு 21, குஞ்சோடு திரிய இரண்டு மாதம் என்று கூட்டினால் நூறு நாள் போகிறது. வருஷத்துக்கு மூன்றரைச் சுற்றுதான். முட்டை வேண்டுமென்றால் அவயத்தைத் தெளிய வைக்க வேண்டும். மூக்கில் இறகைக் குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் கோழிக்குச் சித்திரவதை, பலனும் நிச்சயமில்லை. அடிவயிற்றுச் சூடு தணிந்தால் தானாகத் தெளியும். கம்பி வலையை அடித்தளமாகக் கொண்ட கூண்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி, வெளிச்சமான இடத்தில் வைத்து, உள்ளே வைக்கோல் எதுவும் இல்லாமல், தீனியும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து மூன்று, நாலு நாள் விடுங்கள். கீழிருந்து காற்றுப் படும், பதுங்க மூலை இருக்காது. முதல் நாளே பிடித்து அடைத்தால் சீக்கிரம் தெளியும். ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு என்றால் கூண்டிலும் ஒரு வாரம் ஆகும். வெளியே விட்டதும் நேரே கூட்டுக்கு ஓடினால் இன்னும் தெளியவில்லை, திரும்ப உள்ளே.

அவயக் கோழியின்கீழ் வாத்து முட்டையும் வைக்கலாம், ஆறேழுக்கு மேல் வேண்டாம். அதற்கு 28 நாள், கின்னிக்கோழிக்கும் அதை ஒட்டித்தான். கோழி நாள் எண்ணுவதில்லை, உட்காரும். ஆனால் ஒரு அடை முடிந்த கையோடு இன்னொரு 21 நாளைக்கு முட்டை வைப்பது கூடாது. இளைத்த கோழி அதைத் தாங்காது.

ஆறிலிருந்து எட்டு வாரத்தில், அதுவரை சிறகுக்குள் வைத்திருந்த குஞ்சையே தாய் கொத்தி விரட்டும். கொண்டை திரும்பச் சிவக்கும். ஒரு சாயங்காலம் குஞ்சைத் தரையில் விட்டுவிட்டு அது மட்டும் பரணில் ஏறும். அன்றைக்கு ராத்திரி குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, அடியில் இருப்பது மூச்சுமுட்டும். மூலையில் வைக்கோலைக் குவித்துச் சரிவாக்கிவிடுங்கள், அரையடி உயரத்தில் ஒரு தடியும் கட்டிவிடுங்கள். பழைய மூலையில் சட்டியைக் காய்ச்சிப் புது மணல் போட்டு வைக்கவும் நேரம் வந்துவிட்டது. அடுத்த பத்து, பதினஞ்சு நாளில் அது அங்கேதான் வந்து முட்டையிடும்.